‘தெரியாவிட்டால் 486’: ஒரு உதவிக் குறிப்பை வாசித்தல்

லினக்ஸ் கர்னலை நாமே தொகுக்க உட்கார்ந்தால் ஒரு நீலத் திரை வரும். மெனுகான்ஃபிக் என்று பெயர். ஆயிரக்கணக்கான கேள்விகள் அடுக்கடுக்காக உள்ளே இருக்கும். அவற்றில் ஒன்று ‘புராசஸர் குடும்பம்’. அதன்மேல் நின்று உதவி கேட்டால், ஒரு பக்கத்துக்கும் குறைவான ஆங்கிலக் குறிப்பு விரியும். இந்தப் பதிவு அந்தக் குறிப்பைப் பற்றியது.

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம், ஓட்டல் தோசைக்குக்கூட எழுதுகிறோம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க ஆட்கள் படித்து, அதை நம்பி முடிவெடுத்த ஒரு உரைநடையை விமர்சித்தால் என்ன என்று தோன்றியது. கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக வழியில்லை. ஆகவே உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். முதலில் அந்தக் குறிப்பு, பிறகு அதே இடத்தில் மற்ற கட்டமைப்புகளுக்கு இருக்கும் பட்டியல்கள், கடைசியில் நம்ம ஊர் ‘சக்தி’ புராசஸர் அந்தப் பட்டியல்களில் எங்கே இருக்கிறது என்று ஒரு தேடல்.

ஒரு சொல் விளக்கம். புராசஸருக்குச் ‘செயலி’ என்று நல்ல தமிழ்ச் சொல் இருந்தது. இப்போது செயலி என்றால் வாட்ஸ்ஆப்பைத்தான் நினைக்கிறார்கள். அதனால் புராசஸர், சிப் என்றே எழுதுகிறேன்.

கர்னல் என்பது வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் அடிப்படை நிரல். அது ஒரே மூலநிரல்தான். ஆனால் அதைத் தொகுக்கும்போது எந்தச் சிப்புக்காக என்று சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னதை வைத்துத் தொகுப்பி சில முடிவுகளை எடுக்கும். இந்தச் சிப்புக்குத் தெரிந்த கட்டளைகள் எவை? அதன் கேஷ் நினைவகத்தில் ஒரு வரி எத்தனை பைட்? 486-க்கு 16 பைட் என்றும், பெண்டியம் 4-க்கு 128 பைட் என்றும் கட்டமைப்புக் கோப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நேரத்தை எண்ணும் பதிவேடு சிப்புக்குள் இருக்கிறதா? நிபந்தனையோடு நகர்த்தும் ‘சிமூவ்’ கட்டளை இருக்கிறதா? இப்படிச் சில விஷயங்கள். அவ்வளவுதான் இந்தத் தேர்வின் பொருள்.

இப்போது குறிப்புக்கு வருவோம். நான் வைத்துப் படித்தது 6.12 தொடர், 2024 நவம்பரில் வந்தது. தொடக்கமே அடக்கமானது: இது உங்கள் சிப்பின் வகை, வேகத்தைக் கூட்டுவதற்காகக் கேட்கிறோம் என்கிறது. பிறகு ஓர் எச்சரிக்கை: நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முந்தைய சிப்புகளில் இந்தக் கர்னல் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிறகு நீண்ட பெயர் வரிசை: 486, 586, பெண்டியம், கே6, குரூசோ, வின்சிப், எலான், ஜியோடு, விஐஏ சி3 என்று. பாதிப் பெயர்கள் கல்லறைக் கல் மாதிரி. கடைசியில் ஒரே வரி. எதைத் தேர்வது என்று தெரியாவிட்டால் 486-ஐத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு இந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்திருக்கிறது. தொழில்நுட்பக் குறிப்புகளில் இந்த நேர்மை அரிது. பெரும்பாலான கையேடுகள் தெரியாதவனை ‘நிர்வாகியை அணுகவும்’ என்று வேறு வாசலுக்கு அனுப்பிவிடும். இங்கே, தெரியாது என்பதையே ஒரு விடையாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமில்லை. தவறின் விலை இரண்டு பக்கமும் ஒன்றல்ல. சிப் புதியது, நாம் பழையதைத் தேர்ந்தோம் என்றால் நஷ்டம் கொஞ்சம் வேகம், பெரும்பாலும் உணரவே முடியாது. சிப் பழையது, நாம் புதியதைத் தேர்ந்தோம் என்றால் கணினி கிளம்பாது. அதனால் கீழே இறங்கித் தேர்ந்தெடு என்கிறார்கள்.

ஆனால் குறை ஒன்று இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறிப்பு வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘ஓடாமல் போகலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஓடாவிட்டால் என்ன தெரியும், கறுப்புத் திரையா, செய்தி ஏதும் வருமா? ஒரு வார்த்தை இல்லை. உண்மையில் செய்தி வரும். கர்னல் முழுதாக எழும்புவதற்கு முன்னாலேயே, சிறிய சோதனை நிரல் ஒன்று சிப்பை விசாரித்து, ‘எனக்கு 686 வேண்டும், இங்கே இருப்பது 586’ என்கிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அழகான ஏற்பாடு. அதைக் குறிப்பில் சொல்லியிருந்தால், பரிசோதித்துப் பார்க்கப் பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் வந்திருக்கும்.

அடுத்த குறிப்பு கோர் 2 சிப்புக்கானது. இதை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். இன்டெல் ஸியான்களில் புதியதையும் பழையதையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்கிறது. புராக் கோப்பு முறைமையில் சிபியு தகவலைத் திறந்து பாருங்கள், குடும்ப எண் இருக்கும். புதியவற்றுக்கு 6, பழையவற்றுக்கு 15. உடனே அடைப்புக்குறிக்குள், இது அச்சுப்பிழை இல்லை என்கிறது.

எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது, படிக்கிறவன் நம்பமாட்டான் என்று. 15 பழையது, 6 புதியதா? கதை இதுதான். 1995-இல் வந்த பெண்டியம் புரோ ஆறாவது குடும்பம். பெண்டியம் 2-உம் 3-உம் அதே வழி. 2000-இல் பெண்டியம் 4 வேறு வடிவமைப்பில் வந்தது, அதற்கு 15 என்று எண் வைத்தார்கள். அது சூட்டையும் மின்சாரத்தையும் தின்றது. இதற்கிடையில் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு மடிக்கணினிகளுக்காகப் பழைய ஆறாவது வம்சத்தையே எடுத்துச் சீர்செய்து 2003-இல் பெண்டியம் எம்-ஐக் கொண்டுவந்தது. அந்த வழியில் 2006-இல் கோர் 2. மகன் பேரில் போன வம்சம் நின்றுபோய், ஒதுக்கி வைத்திருந்த தாத்தா வழி திரும்பவும் தலையெடுத்த கதை. ஓர் அடைப்புக்குறிக்குள் அத்தனையும் அடங்கியிருக்கிறது, விளக்காமலே.

விமர்சகனாக இங்கே எனக்கு ஒரு வாதம் உண்டு. ‘எந்தக் குடும்பம்?’ என்ற கேள்வியே சரியில்லை. கர்னலுக்குத் தேவை குலம் கோத்திரம் இல்லை, உனக்கு என்ன தெரியும் என்பது. விஐஏ சி3-இன் ஆரம்ப மாதிரிகள் தங்களை ஆறாவது குடும்பம் என்றே சொல்லிக்கொள்ளும், ஆனால் சிமூவ் கட்டளை தெரியாது. 686 என்று நம்பித் தொகுத்த நிரல் அங்கே போய் விழும். பெயர் ஒன்று, திறமை வேறு.

எதிர்த்திசையிலும் நடக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருஷம் ஒரு பழைய மடிக்கணினியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, பேத்தி தமிழ் டைப்பிங் பழகணுங்கறா. இது இன்னும் ஓடுங்களா பாருங்க.” பெண்டியம் எம், முதல் தலைமுறை. நினைவகம் 1 ஜிபி. ஒரு லினக்ஸ் நிறுவல் தட்டைப் போட்டேன். கர்னலுக்கு ‘பிஏஇ’ வேண்டும், இந்தச் சிப்பில் அது இல்லை என்று எழுதிவிட்டு நின்றுகொண்டது.

பிஏஇ என்பது 32 பிட் சிப் 4 ஜிபிக்கு மேலான நினைவகத்தையும் எட்டிப்பிடிக்க உதவும் வசதி. 1 ஜிபி கணினிக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பல லினக்ஸ் வெளியீடுகள் பிஏஇ உள்ள ஒரே 32 பிட் கர்னலைத்தான் கட்டித் தருகின்றன. உபுண்டு 2012-இல், 12.10 வெளியீட்டோடு, பிஏஇ இல்லாத கர்னலைக் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், முதல் தலைமுறை பெண்டியம் எம்-இல் பலவற்றில் பிஏஇ உண்டு. சிப் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கேட்டால் இல்லை என்று சொல்லும், வேலை கொடுத்தால் செய்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்று ஒரு தொடக்க விருப்பத்தை எழுதி, அது 2014-இல் 3.15 கர்னலில் சேர்ந்தது. அதைத் தட்டினேன். ‘உங்கள் பொறுப்பில் செய்கிறீர்கள்’ என்று முணுமுணுத்துக்கொண்டே கணினி எழும்பியது.

அப்புறம் அதற்காகவே ஒரு கர்னலை என் மேசைக் கணினியில் தொகுத்தேன். பட்டியலில் பெண்டியம் எம்-ஐத் தேர்ந்து, பிஏஇ-ஐ அணைத்து, தேவையில்லாத சாதன இயக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. மேக் கட்டளைக்கு ஒரு நல்ல குணம், விட்ட இடத்திலிருந்து தொடரும். வேகம் எவ்வளவு கூடியது என்று கேட்டால், கையில் கடிகாரம் வைத்துப் பார்க்கும் அளவுக்கு இல்லை. நினைவகத்தில் கொஞ்சம் மிச்சம். பாப்பா டைப் பழகுகிறாள், அது போதும்.

இந்த இடத்தில் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வருகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி எரிக் ரேமண்ட், கர்னல் கட்டமைப்புக்கு முற்றிலும் புதிய மொழி ஒன்றை எழுதினார், சிஎம்எல்2 என்று. அவர் வாதத்தில் ஒரு கற்பனைப் பாத்திரம் வரும், டில்லி அத்தை. கணினி தெரியாத டில்லி அத்தைகூடத் தன் கர்னலைத் தானே தொகுக்க முடியவேண்டும் என்றார். அஞ்சல் பட்டியலில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் சிஎம்எல்2 ஏற்கப்படவில்லை. 2002-இல் ரோமன் ஸிப்பல் எழுதிய கேகான்ஃபிக் உள்ளே வந்தது, இன்றுவரை அதுதான்.

டில்லி அத்தை கர்னல் தொகுக்க வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் கேலிக்காரர்கள் யாரும் பக்கத்து வீட்டு அண்ணனை எண்ணிப் பார்க்கவில்லை. அத்தைக்கு வேண்டியது பட்டியல் இல்லை, அத்தையின் கணினிக்குப் பொருந்தும் கர்னலைக் கட்டித் தரும் ஓர் ஆள். அந்த ஆளுக்குத்தான் இந்த உதவிக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது, அவனுக்கும் அது போதுமானதாக இல்லை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த மடிக்கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மலையில் எத்தனையோ லயன் வீடுகளுக்குள் ஒரு லினக்ஸ் கர்னல் போய்ச் சேர்ந்தது. அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது வேறு யாரோ. அதில் தப்பில்லை. ஆனால் அந்த யாரோ எதைப் பார்த்துத் தீர்மானித்தார் என்பதை ஒரு பிளஸ் டூ மாணவன் படித்துப் புரிந்துகொள்ளும்படி எந்தக் குறிப்பும் எழுதப்படவில்லை.

பட்டியலின் மீது கடுமையான விமர்சனம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்தே வந்தது. அர்ண்ட் பெர்க்மான் என்ற டெவலப்பர் ஒரு திருத்தம் அனுப்பினார், 2025-இல் 6.15 கர்னலில் சேர்ந்தது. அவர் சொன்னதன் சாரம்: 64 பிட் கர்னல் தொகுக்கிறவனுக்கு இந்தப் பட்டியலால் பிரயோசனமில்லை, கடந்த 15 வருஷத்தில் வந்த எந்தச் சிப்பும் இதில் இல்லை, பொதுவானது என்ற ஒரே தேர்வுதான் அர்த்தமுள்ளது. கே8, கோர் 2 போன்ற பெயர்களை எடுத்துவிட்டார். கூடவே அந்த ‘அச்சுப்பிழை இல்லை’யும் போயிற்று. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் சொன்னது நியாயம். இன்றைய கர்னல் கிளம்பும்போதே சிப்பிடம் என்னென்ன தெரியும் என்று கேட்டு, தன் சொந்தக் கட்டளைகளைச் சில இடங்களில் அந்த நேரத்திலேயே மாற்றி எழுதிக்கொள்கிறது. முன்கூட்டியே குலம் விசாரிக்க வேண்டிய தேவை போய்விட்டது.

இதே பெர்க்மான் 2018-இல் இதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தார். 4.17 கர்னலில் எட்டுக் கட்டமைப்புகளை மொத்தமாக நீக்கினார்: பிளாக்ஃபின், கிரிஸ், எஃப்ஆர்வி, எம்32ஆர், மெட்டாக், எம்என்10300, ஸ்கோர், டைல். இவற்றில் பல, சொந்த நிறுவனத்தாலேயே கைவிடப்பட்டவை. கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. இன்டெல் பெரும் பணம் கொட்டிய ஐடேனியமும் பிற்பாடு 6.7-இல் போயிற்று. ஆனால் மோட்டரோலா 68000 குடும்பம், பழைய அமீகாவிலும் அட்டாரியிலும் இருந்தது, இன்னும் உள்ளே இருக்கிறது. பணம் வருவதில்லை, சந்தை இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

386 போனது 2012 டிசம்பரில், 3.8-க்காக. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில். அந்தக் கணினியில் இன்றைய லினக்ஸ் கிளம்பாது. கர்னலே எழுதும்போது ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிய பக்கங்களை 386 காக்காது, அதற்காக மட்டும் தனி நிரல் தூக்கிச் சுமக்கவேண்டியிருந்தது. 2025-இல் 486-ஐயும் நீக்குவதற்கான திருத்தங்களை இங்கோ மோல்னார் முன்வைத்தார். அது போகும் நாளில் ‘தெரியாவிட்டால் 486’ என்ற வரியையும் மாற்றி எழுதத்தான் வேண்டும்.

சரி, யார் இருப்பது, யார் போவது என்பதைத் தீர்மானிக்கும் கோப்பு எது? மெயின்டெய்னர்ஸ் என்ற பெயரில் கர்னலின் வேரிலேயே ஒரு கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் பெயர், பிறகு அதன் நிலை. நிலைகளுக்கு அங்கே தரப்பட்ட விளக்கத்தை என் மொழியில் சொல்கிறேன். ‘சப்போர்ட்டட்’ என்றால் இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள். ‘மெயின்டெய்ன்டு’ என்றால் ஒருவர் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறார். ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்றால் ஆள் இருக்கிறார், நேரம் இல்லை. ‘ஆர்ஃபன்’, அநாதை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எஸ்டேட் செக்ரோல் ஞாபகம் வரும். தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. எத்தனை வருஷம் கொழுந்து எடுத்தாய் என்பது அப்புறம், செக்ரோலில் பேர் இருந்தால்தான் சம்பளம். கர்னலின் பட்டியல்களும் அந்த மாதிரிதான்.

இப்போது நம்ம ஊர் விஷயம். சென்னை ஐஐடியில் 2014-இல் காமகோடி தலைமையில் தொடங்கியது சக்தி திட்டம். யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-5 கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் புராசஸர் வடிவமைப்பது, வடிவமைப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது. நோக்கம் அருமை. இ-வகை என்பது சிறியது, மின்மீட்டர் மாதிரிச் சாதனங்களுக்கு. அதில் முழு லினக்ஸ் ஓடாது. சி-வகை 64 பிட், ஐந்து கட்டக் குழாய், நினைவக மேலாண்மை அலகு உண்டு, லினக்ஸ் ஓடும். 2018-இல் சி-வகைச் சிப்புகள் இன்டெல்லின் ஓரிகன் ஆலையில் 22 நானோமீட்டரில் அடிக்கப்பட்டு வந்தன, ரைஸ்கிரீக் என்ற பெயரில். லினக்ஸ் கிளம்பியது. செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

அந்த 2018-ஐப் பாருங்கள். ஜனவரியில் 4.15 கர்னலில் ரிஸ்க்-5 முதல்முறையாக உள்ளே வந்தது. ஜூனுக்குள் எட்டுப் பேர் வெளியே போனார்கள். அதே வருஷம் சென்னைச் சிப்பில் லினக்ஸ் ஓடியது. கதவு இருபக்கமும் திறந்திருந்த வருஷம்.

ரிஸ்க்-5 பக்கம் ‘புராசஸர் குடும்பம்’ கேள்வியே இல்லை, அந்தத் தவறை அவர்கள் திரும்பச் செய்யவில்லை. பதிலாக ‘எஸ்ஓசி தேர்வு’ என்று ஒரு பட்டியல். 6.12-இல் அதைத் திறந்தேன். மைக்ரோசிப், ரெனெசாஸ், சைஃபைவ், சோஃபோ, ஸ்பேஸ்மிட், ஸ்டார்ஃபைவ், ஆல்வின்னர், டி-ஹெட், கனான். அமெரிக்கா, ஜப்பான், சீனா. சக்தி இல்லை. திருவனந்தபுரம் சிடாக்கின் வேகா இல்லை. சீரியல் போர்ட் இயக்கிகள் இருக்கும் அடைவிலும் சக்தியின் பெயர் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஓப்பன்எஸ்பிஐ என்று கர்னலுக்கு அடியில் ஓடும் ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது, ரிஸ்க்-5 கணினிகளை எழுப்பிவிடுவது. அதில் சக்தி சி-வகைக்கு ஆதரவு இருக்கிறது, அதன் சீரியல் போர்ட்டுக்கு இயக்கியும் சேர்ந்திருக்கிறது. யாரோ பொறுமையாக எழுதி, அனுப்பி, திருத்தங்கள் வாங்கி, சேர்த்திருக்கிறார்கள். அதே வேலை ஒரு மாடி மேலே நடக்கவில்லை.

இதில் என் வருத்தம் தேசபக்தி சம்பந்தப்பட்டதில்லை. 2020-இல் மத்திய அரசு சுதேசி மைக்ரோபுராசஸர் போட்டி நடத்தியது, சக்தியையும் வேகாவையும் வைத்து. 2022-இல் டிர்-வி திட்டம் அறிவித்தார்கள். அறிவிப்புகளில் ‘லினக்ஸ் கிளம்பியது’ என்பது முடிவுரை மாதிரி வருகிறது. கர்னல் உலகத்தில் அது முதல் வரி. லினக்ஸை ஒருதடவை கிளப்ப, மூலநிரலை நகலெடுத்து, வேண்டியதைச் செருகி, ஆய்வகத்தில் ஒரு கிளை வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கிளை அன்றிலிருந்து பழசாகத் தொடங்கும். சுமார் 9, 10 வாரத்துக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது. மூலக் கர்னலில் சேர்ந்த நிரலென்றால், உள்ளே யாராவது ஏதாவது மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொடுப்பது அவர்கள் வழக்கம். வெளியே நின்றால் நாமே ஓடிப் பிடிக்கவேண்டும். ஆய்வு மாணவன் பட்டம் வாங்கிப் போனபின் யார் ஓடுவது?

மாணவர்கள் மேல் குறை இல்லை. கர்னலில் ஒரு திருத்தத்தைச் சேர்க்கப் பல சுற்று ஆகலாம், சமயத்தில் முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். அதற்கு ஆய்வுக்கட்டுரை மதிப்பெண் கிடையாது. சக்தி வழியில் சென்னையில் இன்கோர், மைண்ட்குரோவ் போன்ற நிறுவனங்கள் வந்திருக்கின்றன. இந்த வேலையைச் சம்பளத்தோடு செய்யக்கூடிய இடம் ஒருவேளை அவைதான்.

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் முத்தோரை. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இங்கேயே வடிவமைத்து 1970-இல் முடித்தது. சரிவின் சாய்வு கிட்டத்தட்ட 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே திசையில் சுழற்றினால் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சுதேசி வன்பொருள் என்றால் இதைவிட வேறென்ன? ஆனால் அது 50 வருஷம் தாண்டி வேலைசெய்வது அந்தச் சாமர்த்தியத்தால் மட்டும் இல்லை. 1992-இல் 1,056 இருமுனைகளுக்கும் பின்னால் பெருக்கிகள் மாற்றினார்கள். 2015-ஐ ஒட்டி, பல்சார்களைப் பார்க்க வரைகலைச் சிப்பில் ஓடும் புதிய ஏற்பி சேர்த்தார்கள். மலையில் நிலையமாக ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பார்ப்பதே வேலையாக. மெயின்டெய்னர்ஸ் கோப்பின் பாஷையில் ‘சப்போர்ட்டட்’. திறப்பு விழாவோடு விட்டிருந்தால், 1970-இன் கம்பிகள் பனியில் துருப்பிடித்திருக்கும். தொலைநோக்கிக்குச் செய்யத் தெரிந்த நாடு, சிப்பின் மென்பொருளுக்கு அதைச் செய்யாதது எனக்கு விளங்கவில்லை.

ஒரு ஆட்சேபம் வரும். ரிஸ்க்-5-க்குப் பொதுவான ஒரே கர்னல் போதுமே, சாதன மரம் என்ற கோப்பு வன்பொருளை விவரித்துவிடுமே, பட்டியலில் பெயர் எதற்கு? பாதி உண்மை. சக்தியில் பொதுக் கர்னல் எழும்பும், அடியில் இருக்கும் ஓப்பன்எஸ்பிஐ வழியாக எழுத்துகளையும் காட்டும், படம் பிடித்துப் போட அது போதும். ஆனால் சாதன மரம் ‘இங்கே சக்தியின் சீரியல் போர்ட் இருக்கிறது’ என்று சொன்னால், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள உள்ளே ஓர் இயக்கி வேண்டும். பட்டியலின் வரி, அந்த இயக்கிகளைச் சேர்த்து இழுத்துவரும் கயிறு. பெர்க்மான் எடுத்தது வெறும் குலப்பெயர்கள், இது வேறு.

வேலையை எண்ணிப் பார்த்தால் மலையளவு இல்லை. சாதன மரத்தில் ஒரு தயாரிப்பாளர் பெயர் பதிவு, ஒரு பலகையின் விவரிப்புக் கோப்பு, ஒரு சீரியல் இயக்கி, எஸ்ஓசி பட்டியலில் நாலைந்து வரி. அந்த நாலைந்து வரியில் உதவிக் குறிப்பும் ஒன்று, ‘சென்னை ஐஐடியின் சக்தி சி-வகை, இ-வகையில் இது ஓடாது, தெரியாவிட்டால் வேண்டாம் என்று விடுங்கள்’ என்று எழுதலாம். பிறகு மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ஒரு பெயர். அதன் கீழே ‘சப்போர்ட்டட்’ என்று போடுவதா, ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்று போடுவதா என்பதைச் சென்னையில் சம்பளப் பட்டியல் போடுகிறவர்தான் சொல்லவேண்டும்.